நீங்க யாருன்னு கேட்ட ஃபார்ம்: பழைய யூகோஸ்லாவியாவுல பத்து நாள்

மே 16, லியூப்லியானா

காலைல ம்யூனிக்ல மக கூட ரயில் ஏறி, ஆல்ப்ஸ் மலைக்குள்ள சுரங்கம் சுரங்கமா பூந்து வெளிய வந்து, மத்தியானம் தாண்டி லியூப்லியானா சேந்தோம். வாட்ஸப்ல நிறைய பேர் கேட்டீங்க, பாரிஸ் ஸ்விஸ்னு போகாம அங்க எதுக்கு டீச்சர்னு, அதனால அதை முதல்ல சொல்லிடறேன். 2011 சென்சஸ்ல நான் மதுரைல வீடு வீடா ஏறி இறங்கி கணக்கெடுத்தவ. தாய்மொழி கேள்வி வந்தப்போ ஒரு சௌராஷ்ட்ரா தாத்தா என்னைத் திருப்பிக் கேட்டாரு, "வீட்ல சௌராஷ்ட்ரம், கடைல தமிழ், பேரப்பசங்க தமிழும் இங்கிலீஷும், எதைம்மா எழுதப் போற?" சின்ன வயசுல உங்கம்மா உங்ககிட்ட எதுல பேசினாங்க தாத்தான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அப்புறம் சௌராஷ்ட்ரம்னு சொன்னாரு. எழுதிக்கிட்டு வந்துட்டேன். ஒரு கட்டத்துக்குள்ள ஒரு ஆளை அடைக்கறது எவ்வளவு பெரிய காரியம்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. அதுக்கப்புறம் எந்த நாட்டு சென்சஸ் பத்தி எங்க படிச்சாலும் விடறதில்ல, அப்படிப் படிக்கப் போய்தான் யூகோஸ்லாவியா என்னைப் பிடிச்சுக்கிச்சு.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். யூகோஸ்லாவியான்னா தெற்கத்தி ஸ்லாவ் மக்களோட நாடுன்னு அர்த்தம். ஸ்லொவேனியா, குரோஷியா, போஸ்னியா, செர்பியா, மாண்டிநீக்ரோ, மாசிடோனியான்னு 6 குடியரசு, செர்பியாவுக்குள்ள வொய்வோதினா, கொசோவோன்னு 2 தன்னாட்சி மாகாணம். 1981 மார்ச் 31 கணக்குப்படி ஜனத்தொகை 2 கோடியே 24 லட்சம். இதுல அதிகம் இருந்த செர்பியரே 36 சதவீதம்தான், குரோட் மக்கள் 20ஐ ஒட்டி, மத்தவங்க எல்லாம் ஒத்தை இலக்கம். அதாவது அந்த நாட்டுல பெரும்பான்மைன்னு ஒருத்தருமே கிடையாது, எல்லாருமே ஒரு வகைல சிறுபான்மை. நான் தேடி வந்தது அந்தப் பட்டியல்ல இருக்கற இன்னொரு வரியை. இனம் எதுன்னு கேட்ட இடத்துல செர்பியர்னோ குரோட்னோ சொல்லாம "யூகோஸ்லாவ்"னு எழுதினவங்க 12 லட்சத்து 19 ஆயிரம் பேர். 1991, 92ல துண்டு துண்டா உடைஞ்சு நாடு போயிடுச்சு, சரி, அந்த 12 லட்சம் பேர் அப்புறம் என்னன்னு எழுதினாங்க? பத்து நாளும் அதைத்தான் கேட்டுக்கிட்டே போகப் போறேன்.

லியூப்லியானா ஸ்லொவேனியாவோட தலைநகரம், அழகான ஊரு, ஆறு, பாலம், கோட்டை எல்லாம் போட்டோல போட்டிருக்கேன் பாத்துக்கோங்க. எனக்கு இங்க மனசுல நிக்கறது வேற விஷயம். பழைய யூகோஸ்லாவியாவுலயே ஒரே மொழி ஒரே ஜனம்னு கிட்டத்தட்ட சொல்லக்கூடிய குடியரசு இதுதான், 1991ல 100க்கு 88 பேர் ஸ்லொவேனியர். மிச்சம் இருந்தவங்க ஃபேக்டரி வேலை, கட்டட வேலைன்னு போஸ்னியாவுல இருந்தும் செர்பியாவுல இருந்தும் வந்து செட்டிலானவங்க. தனி நாடானதும் இவங்க ஆறு மாசத்துக்குள்ள குடியுரிமைக்கு எழுதிக் குடுக்கணும்னு சொன்னாங்க, 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல எழுதி வாங்கிட்டாங்க. எழுதாதவங்க, எழுதியும் கிடைக்காதவங்க 25,671 பேர். 1992 பிப்ரவரி 26 அன்னைக்கு இவங்க பேரை நிரந்தரக் குடியிருப்பு பதிவேட்டுல இருந்து சத்தமில்லாம எடுத்துட்டாங்க. ஒரு கடிதம்கூடப் போகல. வேற ஏதோ வேலையா ஆபீசுக்குப் போனவங்க அடையாள அட்டைய வாங்கி ஓட்டை போட்டுத் திருப்பிக் குடுத்தப்போதான் பல பேருக்கு விஷயமே தெரிஞ்சிருக்கு. வேலை போச்சு, இன்ஷூரன்ஸ் போச்சு, நாட்டை விட்டே அனுப்பினாங்க சிலரை. இவங்களுக்கு "இஸ்ப்ரிசானி"ன்னு பேரு, அழிக்கப்பட்டவங்க. 2012ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் இது தப்புன்னு தீர்ப்பு சொல்லிச்சு, ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டது 2022ல, சரியா முப்பது வருஷம் கழிச்சு.

சென்சஸ் நோட்டைக் கையில வச்சிருந்தவ நான். ஒரு பேரை விட்டுட்டோமோன்னு ராத்திரி தூக்கம் வராம மறுநாள் அதே தெருவுக்குத் திரும்பிப் போயிருக்கேன். இங்க இருபத்தஞ்சாயிரம் பேரை தெரிஞ்சே எடுத்திருக்காங்க.

மே 17, ஜாக்ரெப்

ரயில்ல ரெண்டரை மணி நேரம்கூட ஆகல. ஒரு காலத்துல ஒரே நாட்டுக்குள்ள ஓடின ரயில், நாடு பிரிஞ்சப்புறம் பார்டர்ல பாஸ்போர்ட் பாத்தாங்க, 2023ல குரோஷியாவும் ஷெங்கனுக்குள்ள (பாஸ்போர்ட் செக்கிங் இல்லாம போய்வர்ற ஐரோப்பிய நாடுகளோட ஏற்பாடு) வந்ததால இப்போ மறுபடி செக்கிங்னு பெருசா ஒண்ணும் இல்ல.

இங்க ஒரு ராத்திரிதான், அதனால ரெண்டு நம்பரை மட்டும் சொல்லிட்டுப் போறேன். 1991ல குரோஷியாவுல செர்பியர் 12 சதவீதம், 2021ல 3.2. நடுவுல போர், வூக்கோவர் நகரம் தரைமட்டம், 1995 ஆகஸ்டுல குரோஷிய ராணுவத்தோட "ஓலுயா" தாக்குதல், அப்போ டிராக்டர்ல பெட்டி படுக்கையோட வரிசை வரிசையா கிளம்பிப் போன செர்பியக் குடும்பங்கள். யூகோஸ்லாவ்னு எழுதினவங்க 1981ல இங்க 3 லட்சத்து 79 ஆயிரம், 1991லயே 1 லட்சத்து 6 ஆயிரம். கவனிச்சுப் பாருங்க, இந்த ரெண்டாவது நம்பர் போர் வெடிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. துப்பாக்கி சத்தம் கேக்கறதுக்கு முந்தியே ஜனங்க ஃபார்ம்ல இடம் மாறிட்டாங்க, ஊர்ல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

மே 18, பஸ்ஸுல நாள் பூரா

ஜாக்ரெப்ல இருந்து சரயேவோவுக்கு இப்போ ரயில் கிடையாது, பஸ்தான், எட்டு மணி நேரம். சாவா ஆத்தைத் தாண்டினதும் போஸ்னியா. ஆனா முதல்ல வர்ற போர்டு போஸ்னியான்னு சொல்றதில்ல, "ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா"ங்குது, அது போஸ்னியாவுக்குள்ளயே இருக்கற செர்பியப் பகுதி. ஊர்ப் பேர் போர்டுல ரெண்டு லிபி, சிரிலிக் ஒண்ணு லத்தீன் ஒண்ணு. செர்பியப் பகுதில லத்தீன் எழுத்து மேல ஸ்ப்ரே அடிச்சு அழிச்சிருக்காங்க, கொஞ்ச தூரம் போனா இந்தப் பக்கம் சிரிலிக் மேல கருப்புப் பெயிண்ட். ரெண்டுலயும் எழுதியிருக்கறது ஒரே பேரு! மொழியும் கிட்டத்தட்ட ஒண்ணேதான், ரொட்டிக்கு ஜாக்ரெப்ல க்ரூஹ், இங்க ஹ்ல்யெப், செர்பியத் தலைநகர் பெல்கிரேட்ல ஹ்லெப், காபிக்கு அங்க கவா, இங்க கஹ்வா, பெல்கிரேட்ல கஃபா. நம்மூர்ல திருநெல்வேலிக்காரரும் கோயமுத்தூர்காரரும் பேசிக்கிற வித்தியாசம்கூட இதுல இருக்குமான்னு சந்தேகம். ஆனா இப்போ இதுக்கு குரோஷியன், போஸ்னியன், செர்பியன், மாண்டிநீக்ரின்னு நாலு பேரு, நாலு இலக்கண புஸ்தகம்.

வழில ஜெனிட்சா வந்தது, இரும்பாலை ஊரு.

மே 19, 20, சரயேவோ

இந்த ஊரைப் பத்தி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் தீராது. காசி ஹுஸ்ரெவ் பேக் மசூதில இருந்து கிளம்பி மெதுவா நடந்தாலே பத்து பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள பழைய ஆர்த்தடாக்ஸ் சர்ச், பழைய யூத ஜெபக்கூடம், கத்தோலிக்க கதீட்ரல் எல்லாம் பாத்துடலாம். ஸ்பெயின்ல இருந்து விரட்டின யூதர்கள் பதினாறாம் நூற்றாண்டுல இங்க வந்து சேந்திருக்காங்க, ஸ்பெயின்ல எழுதின ஹகாதா சுவடி (யூதப் பண்டிகைல வாசிக்கற நூல்) இன்னமும் இங்க மியூசியத்துல இருக்கு. பஷ்சார்ஷியா கடைத்தெருவுல செம்புப் பாத்திரம் தட்டற சத்தம் நம்ம புதுமண்டபத்தை ஞாபகப்படுத்திச்சு. சாப்பாட்டுக்குக் கவலையே இல்ல, பீட்டான்னா மெல்லிசு மாவுக்குள்ள எதையாவது வச்சு சுடற பலகாரம், கீரை வச்ச பீட்டா, பாலாடைக்கட்டி பீட்டா, உருளைக்கிழங்கு பீட்டா, கறி வச்சதை மட்டும்தான் இங்க புரேக்னு சொல்லுவாங்க, பேர் மாத்திச் சொன்னா கடைக்காரர் விடாம திருத்தறாரு.

இந்தக் கடைத்தெருவுலதான் ஒரு பெரியவர்கிட்ட பழைய தினார் நோட்டு கொஞ்சம் வாங்கினேன். ஜெர்மன் பேசினாரு, எழுபதுகள்ல ஜெர்மனில ஃபேக்டரி வேலை பாத்தவராம் (1968ல யூகோஸ்லாவியா மேற்கு ஜெர்மனியோட ஆள் அனுப்ப ஒப்பந்தம் போட்டது, லட்சக்கணக்குல போனாங்க), அதனால மக மொழிபெயர்த்தா. நோட்டுல "பத்து தினார்"ங்கறதை நாலு விதமா எழுதியிருக்கு, சிரிலிக்ல செர்போ குரோஷியன், லத்தீன்ல அதே, ஸ்லொவேனியன், மாசிடோனியன். பர்ஸ்ல இருந்து நம்ம நூறு ரூபா நோட்டை எடுத்து, பின்னாடி பதினஞ்சு மொழி வரிசைல தமிழ் எங்கன்னு விரல் வச்சுக் காட்டினேன், அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு கிட்ட வச்சு எண்ணி எண்ணிப் பாத்தாரு. இன்னொரு நோட்டுல ஒரு தொழிலாளி முகம், சிரிச்ச மாதிரி. ஆரிஃப் ஹெரலிச், நேத்து பஸ்ல தாண்டி வந்தோமே அதே ஜெனிட்சா ஆலைல வேலை பாத்தவர், 1955ல 1000 தினார் நோட்டுல வந்த முகம். ராஜா இல்ல, மந்திரி இல்ல, உலைக்கு முன்னாடி நிக்கற ஆள். அதை மட்டும் ஃப்ரேம் போட்டு வைக்கப் போறேன்.

பெரியவர்கிட்ட சென்சஸ் பத்திக் கேட்டேன். அவங்கப்பா 1948ல என்ன எழுதியிருப்பாருன்னு. அப்போ போஸ்னிய முஸ்லிம்களுக்கு மூணே வழி, செர்பிய முஸ்லிம், குரோட் முஸ்லிம், இல்லேன்னா "எதுவும் சொல்லாத முஸ்லிம்". பெரும்பாலானவங்க மூணாவதைத்தான் எழுதியிருக்காங்க. 1971ல தான் முஸ்லிம்ங்கறது முழு இனமா ஃபார்ம்ல ஏறுச்சு. இதுல ஒரு நுணுக்கம், பெரிய எம் போட்டு எழுதினா இனம், சின்ன எம் போட்டா மதம். மாசிடோனியா மொழி பேசற முஸ்லிம் சின்ன எம், சாமியே கும்பிடாத போஸ்னிய கம்யூனிஸ்ட் பெரிய எம். நம்ம எழுத்துல பெருசு சின்னதே கிடையாது, இதைத் தமிழ்ல எழுதிக் காட்டவே முடியாது பாருங்க. 1993ல போர் நடுவுல "போஸ்னியாக்"ங்கற பேரை எடுத்துக்கிட்டாங்க, இப்போ அதுதான். பெரியவர் சொன்னாரு, எங்கப்பா "சொல்லாதவர்", நான் முஸ்லிம், 81ல யூகோஸ்லாவ், இப்போ போஸ்னியாக், வீடு மாறவே இல்லைன்னு.

1981ல ஏன் யூகோஸ்லாவ்னு எழுதினீங்கன்னு கேட்டேன். பத்து வருஷம் முந்தி 1971ல அப்படி எழுதினவங்க 2 லட்சத்து 73 ஆயிரம்தான், நாலு மடங்குக்கு மேல ஏறியிருக்கு. நாட்டை ஆண்ட தலைவர் டிட்டோ செத்துப்போய் ஒரு வருஷம்கூட ஆகல, அந்த துக்கம், அப்புறம் கலப்புக் கல்யாணம், நாடு முழுக்க 100க்கு 12, 13 கல்யாணம் கலப்புதான், அந்தக் குழந்தைங்க வளந்து ஃபார்ம் நிரப்பற வயசுக்கு வந்த சமயம், நகரத்துப் பிள்ளைங்க, கட்சிக்காரங்க. இதெல்லாம் நான் படிச்ச காரணம். அவர் ஒரு காரணம்தான் சொன்னாரு, பொண்டாட்டி குரோட், ஒரே வீட்ல ரெண்டு பேரு எதுக்குன்னு.

ரெண்டாவது நாள் போர் நடந்த இடமெல்லாம் பாத்தோம். 1992 ஏப்ரல்ல இருந்து 1,425 நாள் முற்றுகை. 2012ல ஊரோட மெயின் ரோட்டுல 11,541 காலி சிவப்பு நாற்காலி போட்டாங்களாம், செத்தவங்க ஒருத்தருக்கு ஒண்ணு, குழந்தைங்களுக்குச் சின்ன நாற்காலி. குண்டு விழுந்த பள்ளத்துல சிவப்பு ரெசின் ஊத்தி வச்சிருக்காங்க, ரோஜான்னு சொல்றாங்க, அதை மிதிக்காம ஒதுங்கி நடந்தோம். 1991ல சரயேவோவுல 100க்கு 49 முஸ்லிம், 30 செர்பியர், 7 குரோட், யூகோஸ்லாவ் 11 பேரு. இப்போ 80க்கு மேல போஸ்னியாக். செத்தவங்க, ஓடினவங்க, வந்து சேந்தவங்கன்னு ஊரே மாறிப்போச்சு. கட்டடம் எல்லாம் அதே இடத்துல இருக்கு, உள்ள ஜனம் வேற.

மே 21, மோஸ்தார்

நெரெட்வா ஆத்தோரமா ரெண்டு மணி நேர ரயில், பச்சைத் தண்ணி, அப்படி ஒரு நிறத்தை ஆத்துல நான் பாத்ததில்ல. இந்த ஊர்ப் பழைய பாலம் 1566ல கட்டினது, 1993 நவம்பர் 9ஆம் தேதி குரோட் படை பீரங்கி அடிச்சு விழுந்தது, 2004ல அதே மாதிரி கல்லுல திருப்பிக் கட்டினாங்க. இதெல்லாம் எல்லாரும் எழுதியிருக்காங்க.

டீச்சருங்கறதால எனக்கு வலிச்சது ஸ்கூல். இந்தப் பகுதில "ஒரே கூரைக்கு அடில ரெண்டு பள்ளிக்கூடம்"னு ஒரு முறை, ஒரே கட்டடம், குரோட் பிள்ளைங்களுக்கு ஒரு பாடத்திட்டம், போஸ்னியாக் பிள்ளைங்களுக்கு ஒண்ணு, பல இடத்துல வாசல் தனி, நேரம் தனி. போர் முடிஞ்சு திரும்பி வந்த குடும்பங்களுக்கு தற்காலிக ஏற்பாடுன்னு ஆரம்பிச்சது அப்படியே நின்னுடுச்சு. 1991ல இந்த நகராட்சில முஸ்லிமும் குரோட்டும் ஆளுக்கு 34 சொச்சம், செர்பியர் 19, யூகோஸ்லாவ் 10 சதவீதம். அந்தப் பத்து சதவீதத்தோட பேரப்பிள்ளைங்க எந்த வாசல் வழியா உள்ள போவாங்க? வாசல் ரெண்டுதான் இருக்கு.

இதே கதைதான் மேல வரைக்கும். போரை முடிச்சு வச்ச 1995 டேட்டன் ஒப்பந்தப்படி நாட்டுக்குத் தலைமை மூணு பேரு, ஒரு போஸ்னியாக், ஒரு குரோட், ஒரு செர்பியர். மத்தவங்க எல்லாரும் "ஓஸ்தாலி", அதாவது மற்றவர்கள், போட்டியே போட முடியாது. டெர்வோ செய்திச்னு ஒரு ரோமா, யாக்கோப் ஃபின்ட்சின்னு ஒரு யூதர், ரெண்டு பேரும் கேஸ் போட்டு 2009ல ஐரோப்பிய கோர்ட்ல ஜெயிச்சாங்க. அரசியல் சட்டத்துல அந்த வரி இன்னும் மாறல.

மே 22, மறுபடி பஸ்

சரயேவோ திரும்பி, அங்கேந்து பெல்கிரேட். பார்டர்ல ரெண்டு மணி நேரம் நின்னோம், பஸ்ல ஏசி இல்ல. கொசோவோ போக இந்தத் தடவை நாள் பத்தல, அதுல எனக்கு வருத்தம்தான். அங்க இருக்கறவங்க பெரும்பாலும் அல்பேனியர். 1981ல அல்பேனியர் 17 லட்சத்து 30 ஆயிரம், மாசிடோனியர் 13 லட்சத்து 40 ஆயிரம், மாண்டிநீக்ரோக்காரர் 5 லட்சத்து 79 ஆயிரம். ஆனா பின்ன சொன்ன ரெண்டு பேருக்கும் குடியரசு உண்டு, அல்பேனியருக்குக் கிடையாது. ஏன்னா சட்டத்துல "நாரோத்"னா இந்த நாட்டுக்குச் சொந்தமான இனம், "நாரோத்னோஸ்ட்"னா வெளிய எங்கேயோ தாய்நாடு இருக்கற ஜனம். நம்மூர்ல பெரியப்பா வீட்டுப் பிள்ளை, தங்க வந்த பிள்ளைன்னு பிரிக்கற மாதிரி. நாட்டோட பேர்லயே ஸ்லாவ்னு இருக்கு, அல்பேனியர் ஸ்லாவ் கிடையாது. யூகோஸ்லாவ்னு எழுதச் சொன்னா அவங்க எப்படி எழுதுவாங்க? அந்தப் பேர் எல்லாருக்கும் சமமா திறந்த கதவு இல்லேங்கறதையும் நான் சொல்லணும், இல்லேன்னா பழைய நாட்டைப் பத்தி பூ வச்சு எழுதின மாதிரி ஆயிடும்.

மே 23, நோவி சாத்

பெல்கிரேட்ல இருந்து ஒன்றரை மணி நேரம், டான்யூப் கரை. வொய்வோதினா தலைநகரம். ஆபீஸ் வாசல் போர்டுல செர்பியன், ஹங்கேரியன், ஸ்லோவாக், ருசின்னு வரிசையா எழுதியிருக்கு, மாகாணத்துக்கு மொத்தம் 6 ஆட்சிமொழி, ரொமேனியனும் குரோஷியனும் சேத்து. மனசு நிறைஞ்சு போச்சு. ருசின்னு ஒரு ஜனம், பதினெட்டாம் நூற்றாண்டுல கார்பாத்திய மலைப்பக்கம் இருந்து வந்து ரூஸ்கி க்ர்ஸ்தூர் கிராமத்துல உக்காந்தவங்க, செர்பியா முழுக்க இப்போ 11 ஆயிரத்து சொச்சம் பேர்தான், நம்ம மதுரைல ஒரு வார்டு ஜனத்தொகை வருமா? அவங்களுக்கு அவங்க மொழில ஸ்கூல், பேப்பர், ரேடியோ, யூனிவர்சிட்டில ஒரு துறை! சின்னக் கூட்டம்னு மொழியை விட்டுடணும்னு ஒண்ணும் இல்ல, அரசாங்கம் மனசு வச்சா நடக்குது.

ஆனா இங்கயும் காலியான இடம் இருக்கு. ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி இந்த மாகாணத்துல 3 லட்சத்துக்கு மேல ஜெர்மானியர், போர் முடிஞ்சதும் அவங்க இல்ல. ஆத்தங்கரைல ஒரு குடும்பம் நிக்கற சிலை, 1942 ஜனவரில ஹங்கேரிப் படை யூதரையும் செர்பியரையும் ஆயிரத்துக்கும் மேல கொன்னு உறைஞ்ச டான்யூப்ல தள்ளின இடம். ஹங்கேரியர் 1981ல 3 லட்சத்து 85 ஆயிரம், 2022ல 1 லட்சத்து 82 ஆயிரம், இது சண்டைல குறைஞ்சதை விட வேலைக்குப் போனதும் பிறப்பு குறைஞ்சதும்தான் அதிகம்.

மே 25, பெல்கிரேட்

டிட்டோ பிறந்தது மே 7, ஆனா நாடே கொண்டாடினது மே 25, இளைஞர் தினம். வருஷா வருஷம் ஊர் ஊரா தொடர் ஓட்டமா ஒரு தடியைக் கைமாத்திக் கொண்டு வந்து அவர்கிட்ட குடுப்பாங்க. அந்தத் தடிங்க 22 ஆயிரத்துக்கு மேல மியூசியத்துல இருக்கு. பக்கத்துலயே பூக்கள் மாளிகை, வெள்ளைப் பளிங்குல கல்லறை, பேரும் ரெண்டு வருஷமும் மட்டும் பொறிச்சிருக்கு. அப்பா குரோட், அம்மா ஸ்லொவீன், அவர் உயிர் போனது லியூப்லியானாவுல, புதைச்சது பெல்கிரேட்ல.

இன்னைக்கு அங்க கூட்டம். மாசிடோனியாவுல இருந்து, ஸ்லொவேனியாவுல இருந்துன்னு பஸ் பஸ்ஸா வயசானவங்க, சிவப்புக் கழுத்துத் துணி, நீலத் தொப்பி, கைல பூ. மரத்தடி பெஞ்சுல ஒரு அம்மா, எழுபது வயசு இருக்கும், அவங்களும் ஜெர்மன் பேசினாங்க. நான் சென்சஸ் எடுத்த டீச்சர்னு மக சொன்னதும் என் கையைப் பிடிச்சு பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாங்க.

அவங்க அப்பா குரோட், அம்மா செர்பியர். 1981ல வீட்ல அஞ்சு பேரு, அஞ்சு பேருமே யூகோஸ்லாவ், ஒரே தாள்ல. இப்போ அண்ணன் குரோஷியாவுல, குரோட்னு எழுதறாரு. தங்கச்சி சரயேவோவுல, "மற்றவர்கள்". இவங்க நோவி சாத்ல. 2022 செர்பியா சென்சஸ்ல யூகோஸ்லாவ்னு எழுதினவங்க 27,143 பேரு, அதுல நீங்க ஒருத்தரான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே ஆமான்னாங்க. கணக்கெடுக்க வந்த பையன், பாட்டி அப்படி ஒரு நாடு இப்போ இல்லையேன்னானாம்.

"நாட்டைப் பத்தி நீ கேட்டுக்கோ தம்பி, நான் எங்கம்மா அப்பாவைப் பத்தி எழுதறேன்னு சொன்னேன். எங்கண்ணன் ஃபார்ம்ல அப்பா இருக்காரு, அம்மா இல்ல. நான் வேற எதை எழுதினாலும் ரெண்டு பேர்ல ஒருத்தரை அடிச்சுட்டுத்தானே எழுதணும்?"

அந்த சௌராஷ்ட்ரா தாத்தா கதையைச் சொன்னேன். மக மொழிபெயர்த்து முடிக்கறதுக்குள்ள, அம்மா உங்ககிட்ட எதுல பேசினாங்கங்கற அந்த இடத்துலயே அவங்க தலையை ஆட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் பஸ் ஹார்ன் அடிச்சாங்க, மூணு மணிக்கு நோவி சாத் கிளம்பணும். கைல மிச்சம் இருந்த ஒரு கார்னேஷன் பூவை மக கைல குடுத்துட்டு, பையை எடுத்துக்கிட்டு, படியைப் பிடிச்சு மெதுவா இறங்கிப் போனாங்க.